எழும்பூர் டிக்கெட், தாம்பரம் வண்டி

டிக்கெட்டில் சென்னை எழும்பூர் என்று இருக்கும். எழும்பூர் நிலையத்தில் நடக்கும் புதுப்பிப்பு வேலையால் சில வண்டிகள் புறப்படுவதோ தாம்பரத்திலிருந்து. வெளிநாட்டிலிருந்து வந்து அன்றிரவே தெற்கே ரயில் ஏறுகிறவர்கள் பயணத் தேதியை முடிவு செய்யும்போதே இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

எழும்பூர் நிலையத்தைப் புதுப்பிக்கும் பணிக்கு 2022 மே 26 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 1908-இல் திறந்த பழைய சிவப்புக் கட்டடத்தைத் தொடாமல், இரு பக்கமும் புது முனையங்களும் தண்டவாளங்களுக்கு மேலே பயணிகள் கூடமும் வருகின்றன. சிக்கல் அந்தக் கூடத்தில்தான். அதன் தூண்கள் நடைமேடைகளில் இறங்க வேண்டும். அஸ்திவாரம் தோண்டும்போது அந்த நடைமேடையில் வண்டி நிறுத்த முடியாது. மேலே இரும்பு உத்தரம் ஏற்றும்போது 25,000 வோல்ட் மின்கம்பியை அணைத்தாக வேண்டும். எழும்பூரில் இருப்பது 11 நடைமேடைகள். அவற்றில் ஓரிரண்டை மூடினாலும் விடியற்காலையில் நெரிசல் தொடங்கிவிடும், தென்மாவட்ட இரவு வண்டிகள் எல்லாம் அந்த நேரத்தில்தானே வந்து சேர்கின்றன! கடந்து போகும் வண்டி சில நிமிடங்களில் இடத்தைக் காலி செய்துவிடும். எழும்பூரோடு முடியும் வண்டி அப்படியல்ல. ஆட்கள் இறங்க வேண்டும், என்ஜினைக் கழற்ற வேண்டும், காலிப் பெட்டிகளை யார்டுக்கு இழுத்துப் போக வேண்டும். அதனால் தாம்பரத்தோடு நிறுத்தப்படுகிறவை பெரும்பாலும் இப்படி எழும்பூரோடு முடியும் வண்டிகள். 2025 ஜூனில் சோழன், குருவாயூர் போன்ற பகல் வண்டிகளில் இது தொடங்கியது. பின்னர் வேறு சில வண்டிகளும் சேர்ந்தன.

மாற்றம் நிரந்தரமாக அறிவிக்கப்படுவதில்லை. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என்று தவணை தவணையாக வரும், பிறகு நீட்டிப்பார்கள். முன்பதிவோ 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். ஆக, நாம் டிக்கெட் எடுத்த பிறகுதான் பல அறிவிப்புகள் வருகின்றன. குறுஞ்செய்தி, பதிவின்போது கொடுத்த கைபேசி எண்ணுக்குத்தான் போகும். அந்த இடத்தில் ஏஜெண்டின் எண்ணோ ஊரில் அணைத்துக் கிடக்கும் பழைய எண்ணோ இருந்தால் செய்தி நம் கண்ணிலேயே படாது. ஊரில் செய்தியைப் பார்த்தவுடன் சொல்லக்கூடிய ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். புறப்படும் முந்தைய நாளும் அன்று காலையும் வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் ரயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள், அல்லது ரயில்வே விசாரணை எண் 139-க்கு அழையுங்கள். நிலையங்களின் குறியீடுகளில் எம்.எஸ். என்றால் எழும்பூர், டி.பி.எம். தாம்பரம், எம்.எஸ்.பி. கடற்கரை, எம்.ஏ.எஸ். சென்ட்ரல். எம்.எஸ்., எம்.எஸ்.பி. இரண்டையும் மாற்றிப் படித்துவிட்டுத் தவறான நிலையத்துக்கு ஓடுவது எளிது.

நேரக் கணக்கிலும் கவனம் வேண்டும். வண்டி தாம்பரத்திலிருந்து கிளம்பினாலும், வழக்கமாகத் தாம்பரத்துக்கு அட்டவணையில் உள்ள நேரத்தில்தான் பெரும்பாலும் கிளம்பும். அது எழும்பூர் நேரத்துக்கு ஏறக்குறைய அரை மணி பிந்தியது. விவரம் தெரியாமல் எழும்பூருக்குப் போய் நின்றால், அங்கிருந்து மின்சார ரயிலில் தாம்பரம் போகவே முக்கால் மணி ஆகும். வண்டி போயிருக்கும். மாம்பலத்தில் ஏறலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதே கதிதான், தாம்பரத்தில் தொடங்கும் வண்டி மாம்பலம் பக்கமே வராது.

விமான நிலையத்திலிருந்து நேராக வருபவருக்கு இந்த மாற்றம் உண்மையில் லாபம். தாம்பரம் அங்கிருந்து பத்து கிலோமீட்டருக்கும் குறைவு. எதிரே உள்ள திரிசூலம் மின்சார ரயில் நிலையத்தில் ஏறினால் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம் தாண்டி நான்காவது நிறுத்தம். ஆனால் இரண்டு பெரிய பெட்டிகளோடு மின்சார ரயில் வேண்டாம். நிற்பது அரை நிமிடம், அதற்குள் பெட்டியை ஏற்றி வாசலை அடைக்காமல் ஒதுங்குவது மாலை நேரத்தில் நடக்காத காரியம். டாக்சி எடுப்பதென்றால், நிலையத்தின் எந்தப் பக்கம் என்று ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மேற்கே ஜி.எஸ்.டி. சாலை, கிழக்கே வேளச்சேரி சாலைப் பக்கம். நடுவே பத்து நடைமேடைகள். பக்கம் மாறி இறங்கினால் பெட்டிகளோடு நடைமேம்பாலம் முழுவதும் கடக்க வேண்டும், காரில் சுற்றி வருவதோ அதைவிட நேரம் பிடிக்கும்.

எதிர்த்திசையில் வந்து தாம்பரத்தில் இறக்கிவிடப்பட்டால், நகருக்குள் போக 10 ரூபாய் புறநகர் டிக்கெட் போதும். செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி ஏற்கெனவே நிரம்பியிருக்கும். தாம்பரத்திலேயே கிளம்பும் வண்டிக்குக் காத்திருங்கள், உட்கார இடம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புக்காகப் புறநகர் சேவையைக் குறைப்பது உண்டு. 2024 ஆகஸ்டில் தாம்பரம் யார்டு வேலையின்போது பல வண்டிகள் பல்லாவரத்தோடு நின்றன.

பணம் திரும்பப் பெறுவதில் பலர் ஏமாறுவது ஒரே இடத்தில்தான். வண்டியே ரத்தானால் இ-டிக்கெட் பணம் தானாக வந்துவிடும். நம் டிக்கெட்டில் உள்ள நிலையத்துக்கு வண்டி வராமல் வேறு வழியில் திருப்பிவிடப்பட்டு, நாமும் பயணம் செய்யவில்லை என்றால் தானாக வராது, டி.டி.ஆர். என்ற பணம் கோரும் விண்ணப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும், அதுவும் புறப்பாட்டு நேரத்திலிருந்து 72 மணிக்குள். ஏறும் நிலையத்தைச் செங்கல்பட்டுக்கோ விழுப்புரத்துக்கோ மாற்ற விரும்பினால் இணையத்தில் மாற்றலாம், ஆனால் மாற்றிய பின் பழைய நிலையத்தில் ஏறும் உரிமை போய்விடும். அறிவிப்பை நன்றாகப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

ஊரிலிருந்து திரும்பி விமானம் பிடிக்க வருபவர்கள், வண்டி எழும்பூர் வரை போகிற நாளிலும் தாம்பரத்திலேயே இறங்கிவிடுங்கள். எழும்பூர் போய்த் திரும்பி வரும் தூரம் மிச்சம்.