வாழ்நாள் சலுகை என்று 249 டாலர் கட்டினேன், ஏழு மாதத்தில் வாழ்நாள் முடிந்துவிட்டது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன், என்னைத் தெரியும்.

பில் போட்டு அனுப்பி, பணம் தராதவர்களுக்கு நினைவூட்டும் ஒரு சின்ன சாஃப்ட்வேர். பெயர் வேண்டாம். பீட்டாவில், அதாவது சோதனைக் கட்டத்தில், இலவசம். நானும் மூன்று மாதம் ஓசியில்தான் ஓட்டினேன். அப்புறம் ஒரு நாள் அறிவிப்பு வந்தது: முதல் 200 பேருக்கு மட்டும் வாழ்நாள் சலுகை, 249 டாலர், இனி மாதக் கட்டணமே கிடையாது.

சட்டென்று விழுகிற ஆள் இல்லை நான். ஆனால் அதற்கு முந்தின வாரம் ஒரு பிழையைச் சொல்லியிருந்தேன். தள்ளுபடி போட்டாலும் வரி மட்டும் பழைய தொகைக்கே கணக்காகிக்கொண்டிருந்தது. இரவு பதினொன்றரைக்கு நிறுவனரே பதில் போட்டார்: "சரிசெய்துவிட்டேன், பாருங்கள்." பார்த்தேன், சரியாகிவிட்டிருந்தது. இப்படி ஓர் ஆளுக்கு 249 டாலர் கொடுத்தால்தான் என்ன என்று தோன்றியது. பீட்டாதானே என்று மனம் உறுத்தியபோது, ஜிமெயிலே 2004 முதல் 2009 வரை பீட்டாவாகத்தானே இருந்தது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஜிமெயிலுக்கு நான் காசு கட்டவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

போன திங்கட்கிழமை மெயில் வந்தது. இரண்டாம் பதிப்பு வருகிறதாம். என் சலுகை முதல் பதிப்புக்கு மட்டும்தானாம். அதை 30 நாளில் மூடுகிறார்களாம். என் ஆதரவுக்கு நன்றியாக, புதிய மாதக் கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடியாம்!

சாட்டில் கேட்டேன். முதலில் தானாகப் பதில் சொல்லும் பாட், அப்புறம் ஒரு மனிதர். "உங்கள் வருத்தம் புரிகிறது" என்று மூன்று முறை சொன்னார். விதிமுறையில் "வாழ்நாள் என்பது தயாரிப்பின் வாழ்நாள்" என்று இருப்பதாக ஒரு வரியை ஒட்டினார். நான் பதில் தட்டிக்கொண்டிருக்கும்போதே என் புகார் டிக்கெட் "தீர்க்கப்பட்டது" என்று பச்சையாக மாறியது. நிறுவனருக்கு இரண்டு மெயில் போட்டாயிற்று. பதினொன்றரைக்குப் பதில் போட்ட அதே ஆள், இப்போது சத்தமே இல்லை.

வங்கியில் கேட்டேன். கார்டில் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க பொதுவாக 120 நாள்தான் கெடு. நான் கட்டி ஏழு மாதம். 249 டாலர் போனது போனதுதான்.

விலை வைப்பதில் எனக்குப் புகார் இல்லை. இலவசமாக உபயோகிப்பவருக்கும் மாதாமாதம் சர்வர் செலவு ஆகிறது, ஒருமுறை வாங்கிய பணம் எத்தனை நாள் தாங்கும்? அது எனக்கே தெரியும்போது அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்துதானே வாழ்நாள் என்று எழுதினார்கள்!

வாங்குவதற்கு முன் யோசிக்க ஒரு பட்டியலே போட நினைத்தேன், பொறுமை இல்லை. யாருடைய வாழ்நாள் என்று விதிமுறையில் பாருங்கள். அடுத்த பதிப்பும் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் மாதக் கட்டணமே கட்டுங்கள், போனால் ஒரு மாதப் பணம்தான் போகும். டேட்டாவை வெளியே எடுக்க முடிகிறதா என்று இலவசமாக இருக்கும்போதே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

நான் பார்க்கவில்லை. மொத்தமாக இறக்க வழியில்லை, ஒவ்வொரு பில்லாகத் திறந்து பிடிஎஃப் எடுக்க வேண்டும். 412 பில். இதுவரை 60 முடிந்திருக்கிறது.