சுங்கை சிப்புட்டில் ஒரு சொகுசு எஸ்யூவி: புதுசா, உள்ளூர்ப் பழசா, ரீகோனா?

டோவன்பி, ஹீவுட், எல்ஃபில் என்று சுற்றிலும் தோட்டங்கள் கொண்ட பேராக் மாநில ஊர் சுங்கை சிப்புட். லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இன்று கிளினிக் வைத்திருக்கிறார்கள், செம்பனைக் குலை ஏற்ற லோரி குத்தகை எடுக்கிறார்கள், ஈப்போவில் வழக்கறிஞர் அலுவலகம் நடத்துகிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் ஒரு பி.எம்.டபிள்யூ எக்ஸ்3 அல்லது வால்வோ எக்ஸ்சி60 நிற்பதைப் பார்த்தால் மனசு நிறைகிறது. அந்தக் காடி நான்காம் வருடத்தில் அவர்களுக்குப் பெரிய சுமையாகிவிடக் கூடாதே என்ற கவலையும் கூடவே வருகிறது.

வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் "பி.எம்.டபிள்யூவா, மெர்சிடிஸா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் இரண்டாவதாக வைப்பேன். எந்த வழியில் வாங்குவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஷோரூமில் புதுசு வாங்கலாம். இங்கேயே விற்று இங்கேயே ஓடிய செகண்ட் ஹேண்ட் வாங்கலாம். ஜப்பானிலிருந்தோ பிரிட்டனிலிருந்தோ வந்திறங்கிய பழைய காடியை, அதாவது ரீகோன், வாங்கலாம். ஒவ்வொன்றிலும் செலவு வரும் காலமும் வேறு, வரும் விதமும் வேறு.

ஊரின் நிலைமையையும் சேர்த்துப் பாருங்கள். ஈப்போ ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பி.எம்.டபிள்யூவுக்கும் மெர்சிடிஸுக்கும் அதிகாரபூர்வ சர்வீஸ் மையம் அங்கேதான். நம் கடைத்தெரு போமன்கள் கைதேர்ந்தவர்கள். இஞ்சினைப் பிரித்துப் போட்டாலும் மறுபடி ஓட வைப்பார்கள். ஆனால் இந்த ரகக் காடிகளில் பாதிக் கோளாறு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. ஒரு போமன் தம்பி என்னிடம் நேராகவே சொன்னார்: "அண்ணே, ஆயில், பிரேக் எல்லாம் நான் பார்த்துக்குவேன். மீட்டர்ல விதவிதமா லைட் எரிஞ்சா ஈப்போவுக்குத்தான் போவணும்."

முதலில் பணக் கணக்கு. புதுக் காடியின் விலை 3 லட்சம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பத்து விழுக்காடு முன்பணம் 30,000. மீதி 2,70,000 வெள்ளிக்கு 9 வருடக் கடன், நிலையான வட்டி ஆண்டுக்கு 2.5 விழுக்காடு என்றால் மாதத் தவணை சுமார் 3,060 வெள்ளி வரும். அதே ரகத்தில் நான்கு வயதான காடி ஒன்று 1,60,000க்குக் கிடைக்கிறது, பத்து விழுக்காடு கட்டியாயிற்று, 7 வருடக் கடன், வட்டி கொஞ்சம் கூடுதலாக 3.5 விழுக்காடு என்றால் தவணை சுமார் 2,130. மாதம் 930 வெள்ளி வித்தியாசம், வருடத்துக்கு 11,000க்கு மேல்.

அந்த 11,000 வெள்ளி மிச்சம் என்று நினைத்துச் செலவழித்துவிடாதீர்கள். பழைய சொகுசுக் காடியின் பழுதுச் செலவுக்கு அது முன்கூட்டியே ஒதுக்கிய பணம். தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். அப்படி ஒதுக்க முடியாத குடும்பத்துக்குப் பழைய பி.எம்.டபிள்யூ வேண்டவே வேண்டாம் என்பேன். புது டொயோட்டா ஹேரியரோ மஸ்டா சிஎக்ஸ்-5ஓ அவர்களை நிம்மதியாக வைத்திருக்கும்.

புதுசு வாங்குவதில் பெரிய பலம் உத்தரவாதம். பிராண்டைப் பொறுத்து 4 அல்லது 5 ஆண்டு கிடைக்கும். நடுவழியில் நின்றால் இழுவை வண்டி வந்து ஈப்போவுக்கு எடுத்துப் போகும், உங்கள் வேலை காத்திருப்பது மட்டும்தான். எக்ஸ்3 கெடா மாநிலம் கூலிமிலும், மெர்சிடிஸ் ஜிஎல்சி பகாங் பெக்கானிலும், எக்ஸ்சி60 ஷா ஆலமிலும் இங்கேயே பூட்டப்படுகின்றன. ஷா ஆலம் வால்வோ தொழிற்சாலை 1967இலிருந்து ஓடுகிறது. லெக்சஸ் என்எக்ஸ் ஜப்பானிலிருந்து முழுதாக வருவதால் வரிச்சுமை அதன் விலையில் தெரியும். எதை வாங்கினாலும் மதிப்பு இறங்குவது முதல் சில வருடங்களில்தான் அதிகம், அந்த அடியை முழுதாக வாங்குபவர் முதல் உரிமையாளர். புதிய தலைமுறை வந்துவிட்டால் பழைய தலைமுறையின் விலை இன்னும் சரியும். ஜிஎல்சியின் இப்போதைய தலைமுறை 2022இலும், எக்ஸ்3யின் இப்போதைய தலைமுறை 2024இலும் உலகச் சந்தைக்கு வந்தன. அதனால் இவற்றுக்கு முந்தைய தலைமுறைக் காடிகளை இப்போது பேரம் பேசி வாங்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அப்புறம் ரீகோன். நம் ஆட்களுக்கு இதில் தனி ஆசை உண்டு, அதற்குக் காரணமும் இருக்கிறது. ஓப்பன் ஏபி என்ற இறக்குமதி உரிமம் வழியாக, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ள காடிகள் கொண்டுவரப்படுகின்றன. இந்த ஊரில் ஓடிய பழைய காடியைவிட உள்ளே சுத்தமாக இருக்கும். சூரியக் கூரை, நல்ல ஒலிபெருக்கி என்று இங்கே விற்காத வசதிகளும் கூடவே வரும். ஹேரியர், என்எக்ஸ், போர்ஷே மக்கான் மூன்றும் ரீகோன் கடைகளில் தாராளமாகக் கண்ணில் படும்.

ஆனால் அந்தக் காடிக்கு இங்குள்ள நிறுவனம் உத்தரவாதம் தராது. விற்கும் கடை தரும் உத்தரவாதத்தைத்தான் நம்ப வேண்டும். எந்த உதிரிப்பாகங்களுக்கு, எத்தனை வெள்ளி வரை, எந்தப் பட்டறையில் என்று வரி வரியாகப் படியுங்கள். உற்பத்தியாளர் ஒரு பாகத்தை மாற்றித் தர அழைப்பு விடுத்தால், அந்தக் கடிதம் உங்கள் வீட்டு முகவரிக்கு வரும் என்றும் எதிர்பார்க்க முடியாது. நீங்களே சேஸி எண்ணைக் கொடுத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஜப்பான் காடி என்றால், அங்கே ஏலத்தில் காடியின் நிலையைக் குறித்துத் தரும் ஏலச் சீட்டை அசலாகக் கேளுங்கள். 5, 4.5, 4 என்று தரம் போட்டிருப்பார்கள், உட்புறத்துக்குத் தனி எழுத்து இருக்கும். ஆர் என்ற எழுத்து இருந்தால் மோதிப் பழுது பார்த்த காடி. கடைக்காரர் காட்டும் நகலோடு நிற்காமல், சேஸி எண்ணை வைத்து நீங்களே சரிபார்த்துவிடுங்கள். மீட்டரில் ஓடிய தூரம் குறைத்துக் காட்டப்படுவது இந்த வியாபாரத்தின் தீராத வியாதி. பிரிட்டன் காடி என்றால் மீட்டர் மைலில் இருக்கும், 40,000 என்பது 64,000 கிலோமீட்டருக்கு மேல். அங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவதால் அடித்தட்டு துருப்பிடிக்கும். ஜாக்கியில் ஏற்றி அடியில் விளக்கடித்துப் பார்க்காமல் ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள்.

சின்ன விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் பண்பலை வானொலி 76 முதல் 95 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அங்கிருந்து வந்த ரேடியோவை அப்படியே விட்டால் அதற்கு மேலே உள்ள நம் நிலையங்கள் பலவும் கேட்காது. திரையில் வரும் எழுத்தும் ஜப்பானிய மொழியிலேயே இருக்கலாம். இரண்டையும் மாற்றித் தரும் செலவு யாருடையது என்று வாங்கும்போதே பேசிவிடுங்கள்.

உள்ளூர்ப் பழசில் ஒரே ஒரு பெரிய பயம் வெள்ளம். 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் பக்கம் எத்தனையோ காடிகள் தண்ணீரில் மூழ்கின. அப்படி மூழ்கிய காடி விலை குறைந்து கைமாறி எந்த ஊருக்கும் வரலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், ஸ்பேர் டயர் பள்ளத்தில் மண் இருக்கிறதா என்று கைவிட்டுத் தடவுங்கள். மற்றபடி எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். முதல் உரிமையாளர் யார், எப்போது எண்ணெய் மாற்றினார், எதைப் பழுது பார்த்தார் எல்லாமே சர்வீஸ் மையத்தின் பதிவில் இருக்கும். நிறுவனமே சோதித்து விற்கும் பழைய காடியாக இருந்தால் விலை கொஞ்சம் கூடும், கொடுக்கலாம்.

இனி காடிகளுக்கு வருவோம்.

எக்ஸ்3 xடிரைவ்30ஐ வகையில் 2.0 லிட்டர் டர்போ, 252 குதிரைத்திறன். கோலகங்சாரிலிருந்து ஈப்போ வரும்போது மெனோரா சுரங்கத்தை ஒட்டிய மேட்டில் லோரிகள் ஊர்ந்து போகுமே, அங்கே இதை ஓட்டினால் பணம் எங்கே போனது என்று புரியும். ஓட்டுவதில் ஆசை உள்ளவருக்கு இந்த வரிசையில் இதற்கு ஈடில்லை. கெட்டியான சஸ்பென்ஷனும், காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயரும்தான் குறை. மெர்சிடிஸ் ஜிஎல்சி உள்ளே உட்கார்ந்தால் அழகு, பின்னால் அம்மா அப்பாவை உட்கார வைத்துப் போவோருக்கு இதமானது. அதற்கு மேல் அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு வலுவான காரணம் தெரியவில்லை.

எக்ஸ்சி60 டி8 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஈப்போவுக்குத் தினமும் போய் வருபவருக்கு இது அருமையாகப் பொருந்தும். பெட்ரோல் இஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்தது. 2022க்குப் பிந்தைய வகையில் பேட்டரி 18.8 கிலோவாட்மணி, நிறுவனக் கணக்கில் ஒரு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர் அளவில் ஓடும். ஏர்கோன் போட்டுக்கொண்டு போனால் குறையும், ஆனாலும் போக வர 60 கிலோமீட்டரில் பெரும்பகுதி மின்சாரத்திலேயே முடிந்துவிடும். தாமான் வீட்டின் போர்ச்சில் சாதாரண பிளக்கில் இரவு முழுக்கப் போட்டு வைத்தால் போதும், சார்ஜர் தேடி அலைய வேண்டாம். வீட்டு வயரிங் பழசாக இருந்தால் மின்பணியாளரை அழைத்து முதலில் காட்டிவிடுங்கள். அதற்கு முந்தைய வகைகளில் பேட்டரி 11.6 கிலோவாட்மணி அல்லது அதற்கும் குறைவுதான். போவதற்கு மின்சாரம் போதும், திரும்பி வரப் பெட்ரோல் வேண்டியிருக்கும். பேட்டரிக்கு 8 ஆண்டு உத்தரவாதம். 2019 காடிக்கு அது 2027இல் முடிகிறது, 2022 காடிக்கு 2030 வரை இருக்கிறது. விலை வித்தியாசத்தை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். காற்று சஸ்பென்ஷன் உள்ள வகையைத் தோட்டச் சாலையில் ஓடுபவர் தவிர்ப்பது நல்லது.

டொயோட்டா ஹேரியரை இந்தப் பட்டியலில் சேர்த்தால் சிலர் முகம் சுளிக்கலாம். முதல் தலைமுறை ஹேரியர்தான் வெளிநாடுகளில் லெக்சஸ் ஆர்எக்ஸ் ஆக விற்றது. 2018இல் இங்கே அதிகாரபூர்வமாக வந்த 2.0 டர்போ ஹேரியரும் முதல் தலைமுறை என்எக்ஸ் டர்போவும் ஒரே இஞ்சின் குடும்பம். சர்வீஸுக்கு டொயோட்டா மையம் போதும், அவசரத்துக்கு நம் ஊர் போமனே பார்ப்பார், பாகங்களும் தட்டுப்பாடில்லை. லெக்சஸ் என்எக்ஸில் கதவு மூடும் சத்தத்திலிருந்து இருக்கைத் தோல் வரை ஒரு படி மேல். அந்த ஒரு படிக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது உங்கள் கையிருப்பைப் பொறுத்தது.

டயரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. லிந்தாங் பக்கம் செம்மண் வழியில் குலை லோரிகள் போட்ட பள்ளத்தில் 20 அங்குலச் சக்கரம் இறங்கினால் டயரின் பக்கச்சுவர் வெடிக்கும், விளிம்பும் நெளியும். அந்த அளவு டயர் நம் ஊர்க் கடையில் அநேகமாக இருக்காது, ஈப்போவில் சொல்லி வைத்து எடுக்க வேண்டும். பல வகைகளில் ஸ்பேர் டயரே கிடையாது, ஒட்டும் திரவமும் காற்றடிக்கும் கருவியும்தான் தருவார்கள். பக்கச்சுவர் கிழிந்தால் அந்தத் திரவம் உதவாது. ஒரே காடியில் இரண்டு அளவுச் சக்கரம் தேர்ந்தெடுக்க முடிந்தால் சின்னதை எடுங்கள். அடுத்தது எலி. செம்பனைக் காட்டை ஒட்டிய வீடுகளில் எலித்தொல்லை எல்லோருக்கும் தெரியும். பழைய காடியில் வயர் கடிபட்டால் ஒட்டுப்போட்டு ஓட்டலாம், இந்தக் காடிகளில் வயரிங் முழுவதையும் மாற்றச் சொல்வார்கள். ஒரே இடத்தில் நாள்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள், பானெட்டை அடிக்கடி திறந்து பாருங்கள்.

சாலை வரி இவற்றில் பெரிய விஷயமில்லை. தீபகற்பத்தில் 2.0 லிட்டர் எஸ்யூவிக்கு ஆண்டுக்குச் சுமார் 440 வெள்ளி, 2.5க்குச் சுமார் 830, 3.0க்குச் சுமார் 1,640. பெட்ரோலும் தாங்கும். தினம் 60 கிலோமீட்டர், மாதம் 26 நாள், 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் என்றால் 156 லிட்டர். 2025 செப்டம்பர் 30 முதல் தொடங்கிய பூடி95 மானிய விலை 1.99இல் அது ஏறக்குறைய 310 வெள்ளி. டீசல் ரீகோன் மட்டும் மலிவாகத் தெரிந்தாலும் யோசியுங்கள், 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் 2.15இலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறிய பிறகு அதன் பழைய லாபம் போய்விட்டது.

யாருக்கு எது என்று கேட்டால் என் பதில் இது. தினமும் தோட்டத்துக்குள் போகும் குத்தகைக்காரர் ஹைலக்ஸ் பிக்கப்பை வேலைக்கு வைத்துக்கொண்டு, வீட்டுக்கு மூன்று வயது எக்ஸ்3 எடுக்கலாம். ஒரே காடிதான் முடியும் என்றால் ஹேரியர். ஈப்போவில் வேலை, வீட்டில் போர்ச் இருக்கிறது என்றால் 2022க்குப் பிந்தைய எக்ஸ்சி60 டி8. ஓய்வு பெற்று, இனி மாற்றப்போவதில்லை, பத்து வருடம் ஓட வேண்டும் என்பவர் என்எக்ஸ் புதுசாகவே வாங்கட்டும். ரீகோனை ஹேரியர், என்எக்ஸ் இரண்டுக்கு மட்டும் ஒத்துக்கொள்வேன். மக்கான் ரீகோன் ஆசைக்கு அழகு, ஆனால் இந்த ஊரிலிருந்து அதைப் பராமரிப்பது பெரும்பாடு.

முடிவு செய்துவிட்டால், முன்பணம் கட்டுவதற்கு முன் காடியை ஒரு நாள் ஈப்போவுக்கு எடுத்துப் போய், அந்தப் பிராண்டைத் தெரிந்த பட்டறையில் கம்ப்யூட்டர் சோதனை போடச் சொல்லுங்கள். பெயர் மாற்றத்துக்கான பி5, கடனுக்கான பி7 ஆய்வுகள் எப்படியும் நடக்கும். அவை இஞ்சின் எண்ணையும் சேஸி எண்ணையும் பாதுகாப்பையும் பார்க்குமே தவிர, கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்லாது. காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய் நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள், முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். பழைய காடியில் இழப்பீடு கேட்காமல் ஓட்டியதால் சேர்ந்த 55 விழுக்காடு காப்புறுதித் தள்ளுபடியை (என்சிடி)ப் புதிதாக வாங்கும் காடிக்கு மாற்ற முடியுமா என்று காப்புறுதி முகவரிடம் அன்றே கேட்டுவிடுங்கள்.