லாவெண்டர் மணம்: டிஃப்யூசரா, தலையணையருகே ஒரு துணியா?

லாவெண்டர் எண்ணெயில் மிகுதியாக உள்ள லினலூல், லினலைல் அசிடேட் ஆகிய சேர்மங்கள் எழுப்பும் சமிக்ஞை, மணத்தை உணரும் நரம்பு வழியாக உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் மூளைப் பகுதிகளை விரைவில் சென்றடைகிறது. அம்மணம் உறக்கத்தின் தரத்தை ஓரளவு உயர்த்துவதாகச் சில ஆய்வுகள் காட்டினாலும், அவற்றுள் பல சிறியவை. பங்கேற்பவர் மணத்தை உணர்ந்துவிடுவதால், எதிர்பார்ப்பின் பங்கைப் பிரித்தறிவதும் கடினம்.

மீயொலி டிஃப்யூசர் எண்ணெய் கலந்த நீரை நுண்துளிகளாக்கி அறை முழுவதும் பரப்புகிறது. பெரிய அறைக்கு அது பொருந்தும். ஆனால் சிறிது நேரத்திலேயே மூக்கு அம்மணத்துக்குப் பழகிவிடுவதால், இரவு முழுவதும் அதை ஓடவிடுவதில் பயன் குறைவு. மூடிய அறையில் செறிவு கூடினால் தலைவலியும் வரலாம். படுப்பதற்கு முன் 30 நிமிடங்கள் இயக்கி நிறுத்துவதே போதுமானது. தொட்டியில் தேங்கும் நீரில் கிருமிகள் வளரக்கூடும் என்பதால், அதை அடிக்கடி கழுவி உலர்த்தவும் வேண்டும்.

துணியில் ஒன்றிரண்டு சொட்டு விட்டுத் தலையணையருகே வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். மணம் அளவோடு எழுந்து தானாகவே மங்கிவிடும். அறையைப் பகிர்ந்துகொள்பவருக்கும் தொல்லை குறைவு. பிடிக்காவிட்டால் துணியை உடனே அகற்றிவிடலாம். நீர்க்காத எண்ணெய் தோலை உறுத்தக்கூடும் என்பதால், முகம் படும் இடத்தில் மட்டும் அதை வைக்கக்கூடாது.

ஆஸ்துமா உள்ளவர்களும், இத்தகைய எண்ணெய்களை உடலில் எளிதில் சிதைத்து வெளியேற்ற இயலாத பூனைகளை வளர்ப்பவர்களும் டிஃப்யூசரைத் தவிர்ப்பது நல்லது.