ஜேகுவரியில் ‘மூன்றாவது வரிசை’: ஈக்யூவா, நெத்-சைல்டா?

ஒரு பக்கத்தில் மூன்று அட்டவணைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தலைப்பு வரிசை இல்லாமல் ஐந்து வரிசைகள் என்று வைத்துக்கொள்வோம். வலைப்பக்க உறுப்புகளைத் தேடிக் கையாள உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ஜேகுவரியிடம் ‘டிஆர்:ஈக்யூ(2)’ என்ற செலக்டரை (உறுப்புகளைத் தேர்ந்தெடுக்கும் குறியீடு; ‘டிஆர்’ என்பது அட்டவணை வரிசை) கொடுத்தால், முதல் அட்டவணையின் மூன்றாம் வரிசை மட்டும் கிடைக்கும். ‘டிஆர்:நெத்-சைல்டு(3)’ என்று கொடுத்தாலோ, அட்டவணைக்கு ஒன்றாக மூன்று வரிசைகள் கிடைக்கும். ஈக்யூ சுழியத்திலிருந்தும், நெத்-சைல்டு, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் மரபுப்படி ஒன்றிலிருந்தும் எண்ணுகின்றன என்பதை எல்லோரும் சீக்கிரம் பழகிக்கொள்கிறார்கள். எண்ணப்படும் கூட்டமே வேறு என்பதுதான் பலருக்குப் பிடிபடுவதில்லை. ஈக்யூ, தேடலில் அகப்பட்ட உறுப்புகளை ஒரே வரிசையாக நிறுத்தி எண்ணுகிறது; நெத்-சைல்டு, ஒவ்வோர் உறுப்பும் தன் தாய் உறுப்புக்கு எத்தனையாவது பிள்ளை என்று பார்க்கிறது.

வரிசைகளுக்கு ஒன்றுவிட்டு ஒன்று வண்ணம் தீட்டும்போது இந்த வேறுபாடு கண்ணில் அறைகிறது. ‘டிஆர்:ஈவன்’ (இரட்டைப்படை) சுழியத்திலிருந்து எண்ணுவதால், பெயருக்கு மாறாக முதல் வரிசையிலேயே வண்ணம் விழும். முதல் அட்டவணையில் 1, 3, 5 ஆகிய வரிசைகள் நிறம் பெறும். எண்ணிக்கை அறுபடாமல் தொடர்வதால் இரண்டாவதில் 2, 4 என்று மாறி, மூன்றாவதில் மீண்டும் 1, 3, 5 ஆகும். ஒருமுறை இதைச் சிஎஸ்எஸ் பிழை என்று நம்பி நான் அரை நாளைத் தொலைத்ததுண்டு. ‘நெத்-சைல்டு(ஆட்)’ (ஒற்றைப்படை) என்று எழுதியிருந்தால் மூன்று அட்டவணைகளும் ஒரே மாதிரி வந்திருக்கும்.

அதற்காக நெத்-சைல்டை எங்கும் பயன்படுத்தலாம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு பெட்டியில் முதலில் தலைப்பும் அதன்பின் பத்திகளும் இருந்தால், பத்தியைத் தேடும் ‘பி:நெத்-சைல்டு(1)’ அங்கே எதையும் பிடிக்காது. ஏனெனில் முதல் பிள்ளை பத்தி அல்ல. அவ்விடத்துக்கு, ஒரே வகை உறுப்புகளை மட்டும் எண்ணும் நெத்-ஆஃப்-டைப் பொருந்தும். பயனர் தேடி வடிகட்டியபின் திரையில் எஞ்சியிருக்கும் வரிசைகளில் மூன்றாவது வேண்டுமென்றால் இரண்டுமே உதவா, மறைந்திருக்கும் உடன்பிறப்புகளையும் அவை எண்ணிவிடும். கண்ணுக்குத் தெரியும் வரிசைகளை முதலில் சேகரித்து, அதன்மேல் ஈக்யூ மெத்தடை (அதே பெயரிலான செயற்கூறு) அழைப்பதே அங்கு வழி.

மெத்தட் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செலக்டர் வடிவிலான ஈக்யூ ஜேகுவரியின் சொந்தக் கண்டுபிடிப்பு. சிஎஸ்எஸ்ஸில் அப்படியொன்று இல்லாததால், பிரவுசரின் வேகமான உள்ளமைந்த தேடலிடம் அதை ஒப்படைக்க இயலாது. 2019-இல் வந்த 3.4 பதிப்பிலேயே ஈக்யூ, ஃபர்ஸ்ட், ஈவன், ஆட் முதலிய செலக்டர்கள் கைவிடத்தக்கவை என்று அறிவிக்கப்பட்டன. 2020-இல் வந்த 3.5 பதிப்பில் ஈவன், ஆட் இரண்டும் மெத்தட்களாகக் கிடைத்தன. ஆகவே புதிதாக எழுதும் நிரலில், சாதாரண சிஎஸ்எஸ் செலக்டரால் தேடிவிட்டு, கிடைத்ததன்மேல் மெத்தடைப் போடுவதையே நான் தேர்வேன். கடைசி உறுப்பு வேண்டுமானால் ஈக்யூ மெத்தடுக்கு -1 கொடுத்தாலே போதும். கெட் மெத்தடும் இடத்தைக் கொண்டே எடுக்கிறது என்றாலும், அது தருவது ஜேகுவரியின் உறை இல்லாத, பிரவுசரின் வெறும் டாம் உறுப்பு. அதன்மேல் ஜேகுவரியின் ஹைடு (மறைக்கும்) மெத்தடை அழைத்தால் பிழைச்செய்திதான் வரும்.