மூன்று நிமிடப் பாட்டா, முப்பது நிமிட ஜாமா?

அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட் ‘டார்க் ஸ்டார்’ பாட்டை 1968-ல் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டாக, வெளியிட்டபோது அது மூன்று நிமிடம்கூட இல்லை. ரேடியோவுக்கு ஏற்ற நீளம்தான், ஆனால் யாரும் சீண்டவில்லை. அடுத்த ஆண்டு வந்த ‘லைவ்/டெட்’ ஆல்பத்தில் அதே பாட்டு 23 நிமிடம் ஓடுகிறது, எல்பி இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க அதுவேதான். மேடையில் பாட்டை மனோதர்மமாக நீட்டி வாசிப்பதுதான் ஜாம்; ஜாம் பேண்ட் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் பழைய ரசிகர்கள் இன்றைக்கும் போட்டுக்காட்டுவது பெரும்பாலும் அந்தப் பதிவைத்தான்.

அப்படியானால் சுருக்கமான பாட்டா, நீண்ட ஜாமா என்ற ரசிகர் சண்டையில் நீட்டி வாசிக்கிற கட்சி ஜெயித்துவிட்டதா? அவ்வளவு சுலபமில்லை. அதே குழு 1970-ல் ‘வொர்க்கிங்மேன்ஸ் டெட்’, ‘அமெரிக்கன் பியூட்டி’ என்று ஒரே ஆண்டில் இரண்டு ஆல்பம் போட்டது. அதற்கு முந்தைய ‘ஆக்சோமோக்சோவா’வுக்கு ஸ்டுடியோவில் பணத்தைக் கொட்டி ரெக்கார்டு கம்பெனியிடம் கடன் ஏறியிருந்த நேரம், அதனால் இந்தத் தடவை சிக்கனம்: அக்கூஸ்டிக் கிடார், சேர்ந்து பாடுகிற குரல்கள், ராபர்ட் ஹண்டரின் வரிகள், குழுவின் கிடார்காரர் ஜெர்ரி கார்சியாவின் மெட்டு, அவ்வளவுதான். ‘ரிப்பிள்’, ‘ஃப்ரெண்ட் ஆஃப் த டெவில்’ எல்லாம் இந்தச் சமயத்துச் சரக்கு. ஜாம் என்ற பேச்சைக் கேட்டாலே எழுந்து ஓடுகிறவர்கள்கூட இந்த இரண்டு ஆல்பத்தை விரும்பிக் கேட்பார்கள்.

ஆக ஒரே குழுவிடம் இரண்டும் இருந்தது. இரண்டையும் ஒரே பாட்டில் எதிர்பார்க்கும்போதுதான் சிக்கல் வருகிறது. இதை ரசனைச் சண்டையாகவே எல்லோரும் பேசுகிறார்கள், எனக்கு என்னவோ இது பாட்டு கட்டப்பட்ட விதத்தில் இருக்கிற சிக்கலாகத் தெரிகிறது. மனதில் ஒட்டிக்கொள்கிற பாட்டில் கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கிற சுரங்களின் கூட்டு) மாறிக்கொண்டே இருக்கும், சரணம் பல்லவியை நோக்கித் தள்ளிக்கொண்டு போகும், பல்லவி வந்து சேர்ந்ததும் ஒரு நிறைவு வந்துவிடும், மறுபடி சரணம். ஓரிடத்தில் நிற்கவே விடாது. கிடார்காரர் அதன் மேல் மனோதர்மமாக ஏதாவது வாசிக்கலாம் என்று பார்த்தால் மாறுகிற கார்டைத் துரத்தியே நேரம் போய்விடும். ‘டார்க் ஸ்டார்’ அடியில் இருப்பதோ கிட்டத்தட்ட இரண்டே கார்டு, ஏ மேஜரும் ஈ மைனரும். பாடுகிற வரிகளும் கொஞ்சம்தான். எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசரம் இல்லை. பேஸ் வாசித்த ஃபில் லெஷ் அடிச்சுரத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்காமல் இன்னொரு கிடார் மாதிரி மெட்டுக்குள் சுற்றித் திரிய முடிந்ததும் இதனால்தான்.

‘ஃப்ரெண்ட் ஆஃப் த டெவில்’ பாட்டை யாரும் அரை மணி நேரம் இழுப்பதில்லை. இழுத்தால் தாங்காது. இது அந்தப் பாட்டின் குறை என்று சொல்கிற ஜாம் வெறியர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை, அது கதை சொல்கிற பாட்டு, கதை முடிந்தால் நிறுத்த வேண்டியதுதானே.

இந்தச் சிக்கலை டெட் குழுவே மிக அழகாக அவிழ்த்தது என்றால் அது ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’, ‘ஃபயர் ஆன் த மவுண்டன்’ என்ற ஜோடியில்தான். முதலாவது முணுமுணுக்க வைக்கிற பாட்டு, வரிகளும் சுவையானவை. பாட வேண்டியதையெல்லாம் பாடி முடித்த பிறகுதான் அதன் வால் பகுதி திறக்கிறது, அங்கே கார்டு ஓட்டம் அடங்கி இசை ஓரிடத்தில் சுழல ஆரம்பிக்கும், அந்தச் சுழற்சி மெல்ல நிறம் மாறி, இரண்டே கார்டில் ஓடுகிற ‘ஃபயர்’ வந்து சேரும். 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் வாசித்ததைக் கேளுங்கள். இரண்டும் சேர்ந்து 25 நிமிடத்தைத் தாண்டும். இந்தக் கச்சேரியின் பதிவை அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எந்த நொடியில் முதல் பாட்டு முடிந்தது என்று கைவைத்துச் சொல்வது கஷ்டம். ஒட்டிக்கொள்கிற பகுதியும் திறந்து கிடக்கிற பகுதியும் ஒன்றை ஒன்று இடிக்காமல் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் ஒரு தீர்ப்பு உண்டென்றால் எனக்கு அது இதுதான்.

ஃபிஷ் (Phish) என்ற ஜாம் பேண்ட் வேறு ரகம். 1983-ல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்த குழு. அவர்களுடைய ‘ட்வீஸர்’ பாட்டின் வரிகளை எழுதிக் காட்டினால் சிரிப்பீர்கள், ஃப்ரீசரைப் பற்றிய உளறல். ஆனால் 1994 மே 7 அன்று டல்லாஸ் கச்சேரியின் இரண்டாம் பாதி கிட்டத்தட்ட முழுக்கவே அந்தப் பாட்டுக்குள் நுழைவதும் வெளியே வருவதுமாகப் போனது. 1997 நவம்பர் 29 அன்று வூஸ்டரில் ‘ரனவே ஜிம்’ ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஓடியது. ஃபிஷ் ரசிகர்கள் ஜாமை இரண்டாகப் பிரிப்பார்கள்: பாட்டின் கார்டுக்குள்ளேயே நின்று வாசித்தால் டைப் ஒன், ஸ்கேலையும் (சுர வரிசையையும்) தாளத்தையும் விட்டுவிட்டு வேறெங்கோ போய்விட்டால் டைப் டூ. டைப் டூ வந்தால்தான் கச்சேரிக்கு மதிப்பு என்று ஒரு கூட்டம் இருக்கிறது, ‘சாம்பிள் இன் எ ஜார்’ மாதிரி சுருக்கமான, நல்ல பாட்டு வந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கும். மறுபக்கம், பாட்டை விட்டு வெளியே வந்த முதல் சில நிமிடங்களில் நால்வரும் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டு சும்மா சுற்றுவதும் பல பதிவுகளில் இருக்கிறது, அதை ரசிப்பதாக நடிக்க என்னால் முடியாது.

கார்டு நிறைய மாறினால் ஜாம் வராது என்ற என் வாதத்துக்கு ஃபிஷே ஒரு ஆப்பும் வைத்திருக்கிறது. 2017-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் 13 இரவு, ஒரு பாட்டைக்கூட இரண்டாம் முறை வாசிக்காமல் நடத்தினார்கள். அதில் ஒரு நாள் ‘லான் பாய்’, வழக்கமாக மூன்று நிமிடத்தில் முடிகிற, ஹோட்டல் லவுஞ்ச் பாணியிலான கிண்டல் பாட்டு, அரை மணி நேரத்தைத் தொட்டது. எப்படி என்று கவனித்தால், பாட்டின் கார்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரே இடத்தில் நின்றுகொண்டார்கள். ஆப்பு பாதிதான் இறங்கியது.

ஹிட் கொடுத்தால் என்ன ஆகும் என்பது தனிக் கதை. டெட் குழுவின் டாப் 10 ஹிட் ஒன்றே ஒன்று, 1987-ல் ஒன்பதாம் இடத்துக்குப் போன ‘டச் ஆஃப் கிரே’. ஐந்து வருடமாக மேடையில் வாசித்துவந்த பாட்டுதான். அதற்கு முந்தைய ஆண்டு கார்சியா நீரிழிவால் கோமா வரை போய்த் திரும்பியிருந்ததால், தப்பிப் பிழைப்பதைப் பற்றிய அதன் பல்லவிக்குக் கூடுதல் கனம் வந்துவிட்டது. நல்ல பாட்டு, சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு டிக்கெட் இல்லாமலே வந்து வாசலில் கூடுகிற கூட்டம் பெருகியது, 1995 ஜூலை 2 அன்று இண்டியானாவின் டீர் க்ரீக் அரங்கில் வேலியை உடைத்து உள்ளே வந்தார்கள், மறுநாள் கச்சேரி ரத்து. இத்தனைக்கும் ஒரு பாட்டைக் குற்றம் சொல்வது அநியாயம்தான், இருந்தாலும் தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது.

ஆல்மன் பிரதர்ஸ் என்ற இன்னொரு அமெரிக்க ராக் குழுவுக்கு நீளம்தான் முதலில் கைகொடுத்தது, ஹிட் பிறகுதான். முதல் ஆல்பத்தில் ஐந்து நிமிடச் சொச்சம் ஓடிய ‘விப்பிங் போஸ்ட்’ விற்கவில்லை, 1971-ல் ‘அட் ஃபில்மோர் ஈஸ்ட்’ ஆல்பத்தில் 23 நிமிடமாக வந்தபோதுதான் குழுவுக்கே பேர் வந்தது. குழுவின் கிடார்காரர் டுவேன் ஆல்மன் இறந்த பிறகு, 1973-ல் அதே குழுவின் டிக்கி பெட்ஸ் எழுதிய ‘ராம்ப்ளிங் மேன்’ ஹிட் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. நீளமான வாசிப்பு விற்காது என்று சொல்கிறவர்களுக்கு அந்த ‘ஃபில்மோர்’ ஆல்பமே போதும்.

ப்ளூஸ் டிராவலர் குழுவின் ‘ஹுக்’ (கொக்கி) பாட்டையும் சொல்லாமல் விட முடியாது. பாகெல்பெல் என்ற பழைய ஐரோப்பிய இசையமைப்பாளரின் ‘கேனன்’ கார்டுகளை அப்படியே எடுத்துக்கொண்டு, நான் என்ன உளறினாலும் இந்த மெட்டு உங்களைப் பிடித்துவிடும் என்று பாடகர் ஜான் பாப்பர் நம் முகத்துக்கு நேரே பாடுகிறார், நாமும் சிக்குகிறோம்.

பணக் கணக்கு என்று பார்த்தால் நீட்டி வாசிப்பதற்கே சாதகம். ரசிகர்கள் கச்சேரியைப் பதிவு செய்துகொள்ள டெட் குழு அனுமதித்தது, 1984-லிருந்து அவர்களுக்குத் தனி இடமே ஒதுக்கியது. நேற்றைய டேப் கையில் இருந்தாலும் நாளைக்கு வேறு மாதிரி வாசிப்பார்கள் என்பதால் மறுபடி டிக்கெட் வாங்குவார்கள். தினமும் ஒரே மாதிரி வாசிக்கிற ஹிட் குழு இப்படி டேப்பை ஊருக்கு விட முடியுமா?

இதற்காக எல்லா நீளத்தையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. எழுபதுகளின் கடைசியிலிருந்து டெட் கச்சேரியின் இரண்டாம் பாதியில் ‘டிரம்ஸ்’ (வெறும் தாளம்), ‘ஸ்பேஸ்’ (மெட்டே இல்லாத வாசிப்பு) என்று ஒரு பகுதி வழக்கமானது, பலருக்கு அது பாத்ரூம் போகிற நேரம். எனக்கும் பாதி நாள் அப்படித்தான். ஆனால் அந்த ‘டிரம்ஸ்’ ஆசைதான் குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட்டை 1991-ன் ‘பிளானட் டிரம்’ ஆல்பம் வரை கொண்டுபோனது, அதில் நம்ம விக்கு விநாயக்ராமின் கடமும் ஜாகிர் உசேனின் தபலாவும் உண்டு, உலக இசைக்கான முதல் கிராமி விருதும் அதற்குத்தான். ஆக முழுசாகத் திட்டவும் முடியவில்லை.

என் ஓட்டு பாட்டுக்கு, ஆனால் உள்ளே ஓரிடத்தில் வாசல் திறந்து வைத்திருக்கிற பாட்டுக்கு. புதிதாகக் கேட்க வருகிறவர் ‘அமெரிக்கன் பியூட்டி’யில் தொடங்கலாம், அப்புறம் கார்னெல் ‘ஸ்கார்லெட்’, அது பிடித்தால் ‘லைவ்/டெட்’. 1972 ஆகஸ்ட் 27 அன்று ஆரெகனின் வெனீட்டாவில் வாசித்த ‘டார்க் ஸ்டார்’ அரை மணி நேரத்துக்கும் மேல் போகும், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃபிஷ் வேண்டுமென்றால் ஆல்பத்தைத் தொடாமல் நேராக 1997-ன் நேரடிப் பதிவுகளுக்குப் போய்விடுங்கள், வரிகளைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.