கோடியக்கரைக்கு எந்த லென்ஸ்: சோனி 200-600ஆ, சிக்மா 150-600ஆ?

கோடியக்கரையில் ஒரே நாளில் இரண்டு ஊர் சுற்றிய மாதிரி இருக்கும். காலையில் உப்பளப் பக்கம் பூநாரை, கரண்டிவாயன், ஆலா, உள்ளான். வெயில் ஏறினால் பாலை மரக் காட்டுக்குள் ஆறுமணிக்குருவி, அரசவால் ஈப்பிடிப்பான். இரண்டுக்கும் ஒரே லென்ஸ் போதும் என்று நினைக்கும் சோனி கேமராக்காரர்கள் கடைசியில் வந்து நிற்பது சோனி 200-600, சிக்மா 150-600 ஸ்போர்ட்ஸ் இரண்டுக்கும் நடுவில்தான் (எண்கள் மி.மீ. கணக்கில் குவியத் தூரம், எண் கூடக் கூடத் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும்). நான் வாங்கியது சோனி. சிக்மாவை நண்பரிடம் இரவல் வாங்கி இரண்டே நாள் சுற்றினேன், அந்த அளவுக்கே என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

எடை இரண்டும் 2.1 கிலோ. 600-இல் இரண்டும் எஃப் 6.3, அதாவது உள்ளே விடும் வெளிச்சமும் ஒன்றுதான். கூர்மையில் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. சரி, விஷயத்துக்கு வருவோம்: உப்பு.

பறவைகள் வருவதே வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான். கடலில் இருந்து ஈரக்காற்று, போதாததற்கு உப்பளத்துப் பொடி. சிக்மா ஜூம் செய்யும்போது கழுத்தை நீட்டும். நீட்டும்போது காற்றை உள்ளே இழுக்கும். சுருக்கும்போது குழலில் ஒட்டிய ஈரமும் உப்பும் ஓரத்தில் போய்ச் சேரும். ரப்பர் தடுப்பு இருக்கிறது, பெரும்பாலானதைத் தடுக்கும். ஆனாலும் நான் சூடு கண்டவன். முன்பு வைத்திருந்த வேறொரு நீளும் ஜூம், மூன்றாவது சீசனில் திருப்பினாலே நறநறவென்றது. அப்புறம் உள்கண்ணாடியில் சிலந்திவலை போலப் பூஞ்சை. பிரித்துச் சுத்தம் செய்யக் கேட்ட கூலிக்கு, பேசாமல் தூக்கி உள்ளே வைத்துவிட்டேன்.

சோனி நீளாது, 200-இலும் 600-இலும் ஒரே நீளம். மாலையில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு, பிறகு உலர்ந்த துணி, முடிந்தது. நீளும் லென்ஸை ஒவ்வொரு முறை சுருக்கும் முன்பும் துடைக்க வேண்டும். பூநாரைக் கூட்டம் எழும்பும் நேரத்தில் யார் துடைப்பார்கள்? அதற்காகச் சோனி மூடி போட்ட பாட்டில் என்று நினைக்க வேண்டாம். சிலிக்கா ஜெல் போட்ட டப்பா இரண்டுக்குமே வேண்டும். ஏசி அறையிலிருந்து எடுத்தால் அரை மணி நேரம் பையைத் திறக்காதீர்கள், கண்ணாடி வேர்த்துவிடும்.

சோனியில் 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டரும் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டிக் குவியத் தூரத்தைக் கூட்டும் துண்டு) மாட்டலாம். சோனி கேமராவுக்கென்று வரும் சிக்மாவில் முடியாது. ஆனால் பத்து மணிக்கு மேல் உப்பளத்தில் கானல் ஆடும்போது 840 மி.மீ. வைத்து என்ன செய்ய? நான் இரண்டு முறைதான் மாட்டினேன்.

காட்டுக்குள் சிக்மா கை ஓங்குகிறது. 150-இல் 58 செ.மீ. வரை கிட்டே போனாலும் ஃபோகஸ் ஆகும், சோனிக்கு 2.4 மீட்டர் வேண்டும். சுருக்கினால் ஐந்து செ.மீ. குட்டை, பஸ்ஸில் மடியில் அடங்கும். கடல் பக்கமே போகாதவர் என்றால் அதையே வாங்கச் சொல்வேன். மறுவிற்பனை பற்றிக் கேட்காதீர்கள், நான் இன்னும் விற்றதில்லை.

அந்த நண்பர் உப்பளத்தில் இறங்கியதும் சிக்மாவை 600-க்கு நீட்டுவார். கிளம்பும்வரை சுருக்கவே மாட்டார். காரில் ஏறும் முன் குழலைத் துடைத்துவிட்டுத்தான் சுருக்குவார். அவர் லென்ஸில் இதுவரை ஒரு புள்ளி பூஞ்சை இல்லை.