திருகோணமலையில் இருந்து சிவனொளிபாதமலை வான் (வேன்) பயணம்: ஏற்றத்துக்கு நல்ல துணை, இறக்கத்துக்கு நேரம் போதாது

யாத்திரைச் சீசன் தொடங்கினால் போதும், திருகோணமலையில் கடைச் சுவர்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும், உச்சியில் புனிதப் பாதச்சுவடு உள்ள சிவனொளிபாதமலைக்கு வான் போகுது, சீற் இருக்குது என்று விளம்பரம் வரத் தொடங்கிவிடும். அப்படி உவர்மலைப் பக்கம் இருந்து ஓடும் ஒரு சேவையில் வீட்டாரோடு போய் வந்தோம். அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, சின்னம்மாவுக்கு முழங்காலில் கொஞ்ச நாளாகவே நோ, தம்பி கிரிக்கெட் விளையாடுகிறவன், நான் நாள் முழுக்கக் கதிரையில் இருந்து வேலை செய்கிறவள். நாலு பேரின் உடம்பும் ஒரே மலையில் என்ன பாடுபட்டது, அந்தச் சேவை அதுக்கு எவ்வளவு துணையாக இருந்தது என்று எழுதினால் போக நினைப்பவர்களுக்கு உதவும். சேவையின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறை நாங்கள் விசாரித்த மற்ற வான்களிலும் இருந்தது.

வான் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சுத்தம், ஏசி வேலை செய்தது, டிரைவர் அண்ணை நிதானமாக ஓட்டினார். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி, பிறகு கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை, ஹட்டன் என்று போய், நோர்வூட், மஸ்கெலியா தாண்டி, மலையடிவார ஊரான நல்லதண்ணிக்கு வந்து சேர நன்றாக இருட்டிவிட்டது. கண்டிக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து ஹட்டன், ஹட்டனில் இருந்து நல்லதண்ணி என்று மாறி மாறிப் போவதைவிடச் செலவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரும். ஆனால் வயசானவர்களோடு போகும்போது பஸ் ஸ்டாண்டில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் இருப்பதற்கே அந்தக் காசைக் கொடுக்கலாம்.

சேவையின் உண்மையான பலம் மலையடிவாரத்தில்தான் தெரிந்தது. கூட்டிப்போனவர்களில் ஒரு தம்பி, இருபத்தைந்து வயசு இருக்கும், எல்லாரையும் இருத்தி வைத்து ஒவ்வொருவராகக் கேட்டார்: பிரஷருக்கு மருந்து எடுக்கிறீங்களா, ஆஸ்துமா இருக்கா, முந்தி முழங்காலில் அடிபட்டதா. இன்ஹேலர் பாவிக்கிற ஒரு அக்காவிடம் அதைப் பைக்குள் வைக்காமல் சட்டைப் பொக்கற்றில் வைக்கச் சொன்னார். ஒவ்வொருவரிடமும் மாற்றுச் சட்டை இருக்கிறதா என்று பார்த்தார். அது ஏன் என்று மேலே போன பிறகுதான் எனக்கு விளங்கியது. பொலித்தீன் பைகளை அறையிலேயே விடச் சொன்னார், பாதைத் தொடக்கத்தில் பைகளைச் சோதிப்பார்கள், அது சரணாலயம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆளுக்கு ஒரு ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) பக்கெற்றும் ஒரு தடியும் கொடுத்தார்கள். தடியை இளம் பெடியங்கள் வாங்கவில்லை. இறங்கும்போது அவர்களில் பாதிப்பேர் மற்றவர்களிடம் கேட்டு வாங்கினார்கள்.

இப்போது மலை. உச்சி 2,243 மீற்றர். நல்லதண்ணியே உயரமான இடம்தான் என்றாலும், அங்கிருந்து இன்னும் ஏறத்தாழ 1,000 மீற்றர் ஏற வேண்டும், படிகள் 5,000க்கு மேல். இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தலையில் இருந்தும் குருவிட்டை, எரத்னப் பக்கம் இருந்தும் பாதைகள் உண்டு, அவை இதைவிட நீளம். கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்த திருமலைக்காரருக்கு ஏற்றம் என்றால் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் வரைக்கும் நடப்பதுதான், அதிலேயே வெயிலில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்குவோம். இது அதுபோல் பல மடங்கு, அதுவும் நித்திரை இல்லாத இராத்திரியில்.

தொடக்கம் ஏமாற்றும். கடைகள், வளைவு, தேயிலைத் தோட்டம், ஜப்பான்காரர் கட்டிய சமாதான விகாரை என்று கதைத்துக்கொண்டே போகலாம். சீத கங்குல ஆற்றில் முகம் கழுவிய பிறகுதான் படிகள் தொடர்ச்சியாகத் தொடங்குகின்றன, அங்கிருந்து கதை நின்றுவிடும். படிகள் ஒரே அளவில் இல்லை என்பதுதான் பெரிய களைப்பு. ஒன்று அரை அடி, அடுத்தது முழங்கால் உயரத்துக்குக் கிட்ட, அதற்கடுத்தது சாய்ந்து கிடக்கும், உடம்பு ஒரு தாளத்துக்கு வரவே விடாது. முதலில் நெஞ்சுதான் முறையிடும், கால் பிறகுதான். என் தம்பி முதல் அரை மணித்தியாலம் இரண்டு படிகளாகத் தாவி ஏறி, பிறகு ஒரு தேத்தண்ணிக் கடை வாங்கில் முகம் வெளிறிப்போய் இருந்தான். அவனைத் தாண்டி வெள்ளைச் சேலை கட்டிய சிங்கள ஆச்சிமார் ஒரு கூட்டம், ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறிப் போனார்கள். ஒருவருக்கும் மூச்சு முட்டவில்லை. பாடக்கூடிய வேகத்துக்கு மேல் அவர்கள் போகவே இல்லை.

கூட்டிப்போன தம்பி அதையே எங்களுக்கும் சொன்னார். "கதைக்க ஏலாமல் மூச்சு வாங்கினால் வேகம் கூடிப்போச்சு, குறையுங்கோ அம்மா, நிக்க வேண்டாம்." இந்த ஒரு அறிவுரைக்கே அவருக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் ஒரே வேகத்தில் ஏறினார். இந்திகட்டுபான என்ற இடத்தில் முதல் தடவை ஏறுகிறவர்கள் ஊசியில் கோத்த நூலைக் கம்பியோரமாக இழுத்து விடுகிறார்கள், அம்மாவும் சின்னம்மாவும் விட்டார்கள், அந்தச் சாக்கில் ஐந்து நிமிடம் ஓய்வும் கிடைத்தது. வழிக் கடைகளில் இஞ்சி போட்ட பிளேன்டீயும் றொட்டியும் கிடைக்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதுதான் நல்லது, வயிறு முட்டச் சாப்பிட்ட ஒரு குடும்பம் பாதி வழியில் சத்தி எடுத்துக்கொண்டு நின்றது.

உச்சிக்குக் கிட்டப் போகப் போகச் செங்குத்து, கைப்பிடிக் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்துத்தான் ஏற வேண்டும். சனிக்கிழமை இரவு என்பதால் கூட்டம் வேறு, கடைசிப் பகுதியில் வரிசை நின்றே விட்டது. மலையிலேயே உடம்புக்கு மோசமான நேரம் இதுதான் என்பேன். வியர்வையில் சட்டை நனைந்திருக்கும், அசைவு நின்றுவிடும், காற்று அடிக்கும். உயரம் 1,000 மீற்றர் கூடினால் வெப்பம் சுமார் ஆறரை பாகை குறையும், ஆக திருமலையில் இரவில் 25 பாகை என்றால் உச்சியில் பத்துக்குக் கிட்ட வந்துவிடும், காற்றோடு சேர்ந்தால் இன்னும் குளிரும். மாற்றுச் சட்டை அங்கேதான் உயிர் காத்தது. நனைந்ததைக் கழற்றிவிட்டு உலர்ந்ததைப் போட்டதும் சின்னம்மாவின் நடுக்கம் நின்றது. உயரத்தால் தலை சுற்றுமோ என்று கேட்பவர்களுக்கு: மலை நோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேல்தான் வரும், இங்கே சுற்றினால் பெரும்பாலும் தண்ணீரும் உப்பும் குறைந்ததாலும் நித்திரை இல்லாததாலும்தான் இருக்கும்.

உச்சியில் பாதத்தைக் கும்பிட்டோம். எத்தனை தடவை ஏறியிருக்கிறோமோ அத்தனை தடவை மணி அடிக்கும் வழக்கம். அம்மா ஒரு தரம் அடித்துவிட்டு, கயிற்றை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். சூரியன் வந்ததும் மேற்குப் பக்கம் மலையின் நிழல் முக்கோணமாக விழுந்தது. எல்லாரும் கிழக்கைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருக்க, கூட்டிப்போன தம்பி எங்களைத் திருப்பி அதைக் காட்டினார்.

இனிக் குறை. இவர்களின் அட்டவணைப்படி காலை பத்து மணிக்கு வான் நல்லதண்ணியில் இருந்து புறப்பட வேண்டும். சூரியன் உதிப்பதே ஆறு மணி தாண்டித்தான். பிறகு கும்பிட்டு, கூட்டத்தில் வழி கிடைத்து, இறங்கத் தொடங்க ஏழு மணி. மூன்று மணித்தியாலத்தில் இறங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். என் தம்பி மாதிரி ஆட்களுக்குச் சரி. முழங்கால் நோவோடு இருப்பவருக்கு அது துன்புறுத்தல். இறக்கத்தில்தான் கால் உடைகிறது என்பது ஏறிப் பார்த்த எல்லாருக்கும் தெரியும், ஆனால் அட்டவணை போடுகிறவர்கள் ஏற்றத்துக்கு மட்டும் இடம் விடுகிறார்கள். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, நீண்டுகொண்டே பாரத்தைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். தசையின் நார்களில் நுண்ணிய சேதம் வருவது அப்போதுதான், அதனால்தான் மறுநாளும் அதற்கடுத்த நாளும் நோ கூடிக்கொண்டே போகிறது. முழங்கால் சில்லிலும் உடம்புப் பாரம் பல மடங்காக இறங்குகிறது. பாதி வழியில் சின்னம்மா ஒரு படியில் நின்றார், தொடை தானாகவே நடுங்கியது, கையால் அமர்த்திப் பிடித்தும் நிற்கவில்லை. கூட்டிப்போன தம்பி வந்து, பக்கவாட்டாகத் திரும்பி, தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, பிறகு நோவுள்ள காலை வைத்து இறங்கப் பழக்கினார். சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டியும் விட்டார், விரல்கள் முன்னால் போய் இடிக்காமல் இருக்க. அவரால் செய்யக்கூடிய அவ்வளவையும் செய்தார். ஆனால் அவருடைய போனோ விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது, கீழே இருந்து, எங்கே நிற்கிறீங்கள் என்று. அந்தச் சத்தம் கேட்கக் கேட்கச் சின்னம்மா தன்னால் எல்லாருக்கும் சுணக்கம் என்று அவசரப்பட்டார், ஒரு இடத்தில் சறுக்கியும் விட்டார். கம்பியைப் பிடித்திருந்ததால் தப்பினார். இது சின்ன விசயம் இல்லை, அந்த இடத்தில் விழுந்தால் ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்குவதற்கே மணிக்கணக்கு ஆகும்.

நாங்கள் வந்து சேரப் பதினொன்றரைக்கு மேல் ஆகிவிட்டது. வானில் முன்பே ஏறி இருந்தவர்களின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. டிரைவர் அண்ணை ஒரு வார்த்தை சொல்லாமல், வான் கதவடியில் ஒரு சின்ன மரப் பலகையைப் போட்டு, சின்னம்மாவின் கையைப் பிடித்து ஏற்றினார். திரும்பும் வழியில் கம்பளையிலும் தம்புள்ளையிலும் நிறுத்தியபோதும் அந்தப் பலகை முதலில் இறங்கியது. எட்டு மணித்தியாலம் மடக்கி வைத்த காலை நிமிர்த்துவது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்.

ஊருக்கு வந்த பிறகு சித்தாலேப தைலம், சுடுதண்ணி, கன்னியா வெந்நீர்க் கிணறுகள் என்று எல்லாம் பார்த்தோம். கன்னியாவில் காலில் ஊற்றும்போது சுகமாக இருந்தது, ஆனால் மூன்று நாள் போகாமல் நோ போகவில்லை. போக நினைப்பவர்கள் ஒரு மாதத்துக்கு முன்பே கோணேசர் கோயில் ஏற்றத்தில் நடந்து பழகுங்கள், ஏறுவதோடு நிறுத்தாமல் இறங்குவதையும் மெதுவாகச் செய்யுங்கள், தொடையைத் தயார் செய்வது அதுதான். இருதய வருத்தம், கட்டுக்குள் வராத பிரஷர் இருந்தால் டொக்டரிடம் கேட்காமல் கிளம்ப வேண்டாம். போயா (பௌர்ணமி) நாளையும் சனி இரவையும் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள், வரிசையில் நிற்கிற குளிர் மிச்சம்.

இந்தச் சேவைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. ஆட்களுக்கு ஐந்தும் கொடுக்கலாம், குறைத்தது முழுக்க அந்தப் பத்து மணிக்காகத்தான். இளம் ஆட்கள் மட்டும் என்றால் யோசிக்காமல் போகலாம். பெற்றோரைக் கூட்டிப்போகிறவர்கள் சீற் பதியும் முன்பே, புறப்படும் நேரத்தைப் பின்னேரம் இரண்டு மணிக்கு மாற்றுவீர்களா என்று கேளுங்கள், இன்னொரு இரவு தங்குவதாக இருந்தால் இன்னும் நல்லது. நாங்கள் இதைச் சொன்னபோது மறுக்கவில்லை, வயசானவர்கள் கூடுதலாக வந்தால் தனி வான் போடலாம் என்றார்கள். சீசன் வெசாக் போயாவோடு முடிகிறது, மறுபடி மார்கழிப் போயாவில்தான் தொடங்கும். அம்மாவின் பெயரை அதற்கு இப்போதே கொடுத்து வைத்திருக்கிறோம், இரண்டு மணி வானுக்கு மட்டும்.